சாமியறைக்கு மேலால் போகும் குழாய்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே பல வருடங்களைப் போக்கிவிட்டேன். பேனையை எடுப்பேன், ஒரு வரி எழுதுவேன், அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று எழும்பிப் போய்விடுவேன். அடுப்பு ஒரு சாட்டுத்தான். உண்மையான காரணம் பயம். நான் எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை, எழுத்துப் பிழையைப் பார்த்துச் சிரிப்பார்களோ என்று ஒரு பயம். என் கணவரின் ஆட்கள் வாசித்தால் குடும்பத்துக்குள் திரும்பவும் புகைச்சல் வருமே என்று இன்னொரு பயம். எல்லாவற்றையும்விட, இது சாமி சம்பந்தப்பட்ட விஷயம், ஒரு சொல்லும் பிழையாக விழக்கூடாது. இன்றைக்குத் தலைமுழுகி, விளக்கேற்றி, விபூதி பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். முடிக்காமல் எழும்ப மாட்டேன்.

எங்கள் வீட்டின் கீழ்த்தளத்துக்கு வெப்பமூட்டும் குழாய்களைப் பூட்டியவள் நான்தான். வேறு யாரோ பூட்ட நான் பக்கத்தில் நின்று தேநீர் கொடுக்கவில்லை. என் இரண்டு கையாலும் வெட்டி, வளைத்து, பற்றவைத்துப் பூட்டினேன். அது எப்படி நடந்தது என்பதைச் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது ஃபாரஸ்ட் கேட்டில். ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசையில் ஒரு பழைய வீடு. மேலே படுக்கையறைகளும் குளியலறையும். கீழே ஒரு முன்னறை, ஒரு பின்னறை, சமைக்கிற குசினி, குசினிக்குப் பின்னால் ஒரு சின்னக் கழிவறை. பின்னறைதான் எங்கள் சாமியறை. வீடு வாங்கிய அன்றைக்கே அதன் மூலையில் தட்டு அடித்து, பிள்ளையார் படத்தை நடுவிலும் முருகனையும் அம்மனையும் இரண்டு பக்கத்திலும் வைத்தோம்.

குழாய் பூட்டிய அந்த வருடம் ஐப்பசியில் இவருக்கு, என் கணவருக்கு, பாரிசவாதம் வந்தது. வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறியது. அதோடு இன்னொன்றும் நடந்தது. வைத்தியர்கள் அப்படி நடப்பது உண்டு என்றார்கள்: இவருக்கு இங்கிலிஷ் முழுக்கப் போய்விட்டது. இருபது வருடத்துக்கு மேல் பஸ் ஓட்டி, ஆயிரம் பேரோடு இங்கிலிஷில் சண்டை பிடித்த மனிதருக்கு, தண்ணீர் கேட்கக்கூட அந்தப் பாஷை வரவில்லை. தமிழ் மட்டும் மிஞ்சி நின்றது.

மார்கழி நெருங்கியபோது, இனி வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். ஆனால் அனுப்புவதற்கு முன் ஆஸ்பத்திரியில் இருந்து ஒரு பெண் வந்து வீட்டைப் பார்ப்பார். பார்த்தார். நல்ல பிள்ளை. சுவரைத் தொட்டார், கையை எடுத்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். கதைத்தபோது அவர் வாயில் இருந்து புகை வந்தது. கீழ்த்தளத்துக்குப் போகும் குழாய்கள் சீமெந்துத் தரைக்குள் புதைந்து கிடந்து உக்கி ஒழுகியதால், கீழே இருந்த ரேடியேட்டர்களை எப்போதோ அடைத்துவிட்டிருந்தோம். மேலே சூடு இருந்தது. கீழே கோட்டைப் போட்டுக்கொண்டு சீவித்தோம். சுகதேகிகளுக்கு அது காணும்.

அந்தப் பெண் சொன்னது இவ்வளவுதான். இவரால் மாடி ஏற முடியாது, கீழேதான் படுக்க வேண்டும். படுக்கும் அறையில் சூடு வேண்டும். பின்னால் உள்ள கழிவறையில் கை கழுவவும் குளிக்கவும் சுடுதண்ணீர் வேண்டும். தை மாதம் திரும்பவும் வருவேன், அதற்குள் இல்லையென்றால் இவரை ஒரு பராமரிப்பு இல்லத்துக்குத்தான் அனுப்ப வேண்டிவரும் என்றார். கொஞ்ச நாளைக்குத்தான் என்றும் சொன்னார்.

கொஞ்ச நாளைக்கு என்று போனவர்கள் திரும்பி வராததை நான் கண்டிருக்கிறேன். அதுவும் தமிழ் மட்டும் தெரிந்த ஒரு மனிதர்.

பைப் வேலைக்காரர்களைத் தேடினேன். ஒருவர் தரையைக் குதிக்காலால் தட்டிப் பார்த்து, முழுக்க உடைக்க வேண்டும் என்றார். ஒருவர் மாசி பிறந்த பிறகு வருவதாகச் சொன்னார். மூன்றாவதாக வந்தவர் நம்மவர், கெட்டிக்காரர். அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "தரையை விடுங்கோ அக்கா. மேல்மாடிப் பலகைக்குக் கீழாலை புதுப் பைப் ஓட்டி, இந்த மூலையாலை கீழை இறக்கினால் சரி. உதுகளைத் தூக்கி வேறை எங்கையும் வையுங்கோ" என்று கையைக் காட்டினார்.

அவர் காட்டியது சாமித் தட்டை. 'உதுகள்' என்று சொன்ன வாயை ஒரு முறை பார்த்தேன். பிறகு அவரும் வரவில்லை, போனும் எடுக்கவில்லை. ஆனால் வழியைச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மேலால் ஓட்டி, மூலையால் இறக்குவது. அந்த வசனம் என் மண்டைக்குள் நின்றுவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இவருடைய தமையன் வந்தார். நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். நல்லவர், கோயில் காரியம் எல்லாவற்றிலும் முன்னுக்கு நிற்பவர். தம்பியில் பாசமும் உண்டு. ஆனால் தான் சொன்னால் அது முடிந்த முடிவு என்று நினைப்பவர்.

"பிள்ளை, கொஞ்சம் யோசியும். ஹோமிலை விட்டால் அவங்கள் வடிவாப் பாப்பாங்கள்" என்றார்.

"பாப்பாங்கள். இவர் தண்ணி விடாய்க்குது எண்டு சொன்னால் அவங்களுக்கு விளங்குமோ அண்ணை?"

"அதுக்கு? வீட்டிலை குளிருக்கை கிடத்தப் போறீரோ?"

"இல்லை. நான் பைப் பூட்டப் போறன்."

அவர் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டுச் சிரித்தார். "எட்டாம் வகுப்போடை நிண்டனீர். இப்ப பிளம்பிங் படிக்கப் போறீரோ?"

"நிண்ட இடத்திலை இருந்துதானே அண்ணை திரும்ப நடக்க வேணும்."

அவருக்குச் சிரிப்பு நின்றது. அறையைச் சுற்றிப் பார்த்தார். "சரி, பூட்டும். ஆனால் இது சாமியறை. ஒரு வருத்தக்காரனை இதுக்குள்ளை கிடத்தி, மலசலமும் இதுக்குள்ளையே எண்டால் துடக்கில்லையோ, தீட்டில்லையோ? முதல் சாமியைத் தூக்கி மேலை கொண்டுபோய் வையும். அந்த ஹீட்டர் பைப்புக்குள்ளை ஓடுறதும் ஊத்தைக் கறுப்புத் தண்ணி. அது சாமிக்கு மேலாலை ஓடுறதோ?"

"எங்கடை தலைக்கு மேலாலையும்தான் ஓடப்போகுது. இவராலையும் மேலை ஏறேலாது, நானும் சாமியைத் தனிய மேலை விடமாட்டன். ரெண்டு பேரும் கீழை ஒண்டா இருக்கட்டும்."

"சாமியோடை விளையாடாதையும் பிள்ளை."

"விளையாடேல்லை அண்ணை. சாமியிட்டைத்தான் இவரை விடுறன்."

நான் அதிகம் படித்தவள் இல்லை. ஆனால் கும்பிட்டவள். ஒரு மனிதன் விழுந்து கிடக்கும்போது, 'என் அறைக்குள் வராதே, துடக்கு' என்று சொல்கிற சாமியை நான் ஒரு நாளும் கும்பிட்டதில்லை. என் பிள்ளையார் அப்படிச் சொல்ல மாட்டார். இதை அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன்.

நான் வேலை செய்த சலவைத் தொழிற்சாலையில் லீவு கேட்டு வாங்கினேன். போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். பேசுவது பாதி விளங்காது, ஆனால் கை செய்வது விளங்கும். செப்புக் குழாயை வெட்டுவதற்குச் சின்னச் சக்கரம் வைத்த ஒரு வெட்டி இருக்கிறது. குழாயில் மாட்டிச் சுற்றச் சுற்ற, வெண்டிக்காய் நறுக்கியதுபோல நேராக வெட்டுப்படும். வெட்டிய வாயை உரஞ்சிப் பளபளக்கச் செய்ய வேண்டும். அதில் பசை மாதிரி ஒரு மருந்தைப் பூசி, இணைப்பை மாட்டி, தீயைக் காட்டி, ஈயக் கம்பியைத் தொட்டால், ஈயம் உருகிச் சந்துக்குள் ஓடிப் பிடிக்கும்.

அதைப் பார்த்த உடனே எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது. ஏனென்றால் அது எனக்குப் பழக்கமான காட்சி. என் தாலிக்கொடி ஒருமுறை அறுந்தபோது, ஈஸ்ட் ஹாமில் உள்ள நகைக்கடையின் பின்பக்கத்தில் பத்தர் அதை ஒட்டும்வரை பக்கத்திலேயே நின்றேன். தாலியை விட்டுவிட்டு வர மனம் வரவில்லை. அவரும் சுத்தம் செய்தார், வெங்காரம் வைத்தார், தீயை ஊதினார். பொன் ஓடிப் பிடித்தது. இங்கே பொன்னுக்குப் பதில் ஈயம், அவ்வளவுதான்.

மகள் வேறு நகரத்தில் வேலை. போனில் கத்தினாள். "அம்மா, ப்ளோ டோர்ச்சா? ஆர் யூ சீரியஸ்? வீட்டை எரிச்சுப் போடுவீங்கள்!"

"எரிஞ்சால் சூடாத்தானே இருக்கும்."

"அம்மா, நொட் ஃபனி!"

பிறகு அவளே இணையத்தில் தேடி, தீயணைக்கும் சிலிண்டர் ஒன்றும், தீயில் எரியாத ஒரு துணியும் அனுப்பிவைத்தாள். தாயின் பிள்ளை.

பைப் சாமான் விற்கும் கடைக்கு நடந்தே போனேன். செப்புக் குழாய் என் உயரத்தைப்போல இரண்டு மடங்கு நீளம். அதோடு பஸ்ஸில் ஏறப் போனபோது சாரதி மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார். 'என் மனுசனும் பஸ் ஓட்டினவர்தான் தம்பி' என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, குழாய்க் கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு ரொம்ஃபோர்ட் ரோட்டால் நடந்தேன். சனம் விலகி வழி விட்டது. காவடி எடுக்கிறவளுக்கு விடுகிற மாதிரி. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு, முருகா முருகா என்று நடந்தேன். வெட்கம் வரவில்லை.

வேலை தொடங்கும் நாள், மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைத்தேன். அறுகம்புல் கிடைக்கவில்லை, தோட்டத்துக் கோடியில் முளைத்திருந்த புல்லை அறுகு என்று நினைத்துச் செருகினேன். அவர் கோபிக்கவில்லை. பிறகு ரேடியேட்டர் தண்ணீரை வடித்தேன். அண்ணை சொன்னது சரி, அது கறுப்புத் தண்ணீர்தான், மை மாதிரி. வருடக்கணக்காக இரும்புக்குள் நின்ற தண்ணீர். ஹோஸ் குழாயை வெளியே வடிகால் கானுக்குள் விட்டு, கடைசிச் சொட்டுவரை வடித்தேன்.

சாமியறைக்கு மேலே உள்ள படுக்கையறையின் பலகைகளைக் கிளப்பினேன். உள்ளே மரச்சட்டங்கள், தூசி, யாரோ எப்போதோ விட்டுப்போன ஒரு தீப்பெட்டி. சட்டங்களில் துளை போட்டு, குழாயைக் கோத்து, மேல் வரிசையில் இருந்து கிளை பிரித்து, மூலையால் கீழே இறக்கி, புது ரேடியேட்டர் ஒன்றைப் பூட்டினேன். சாமித் தட்டை ஒரு சாண் தள்ளி வைத்தேன். அவ்வளவுதான் சாமி செய்த விட்டுக்கொடுப்பு, நான் கேட்டதும் அவ்வளவுதான். குசினியில் இருந்து பின் கழிவறைக்குச் சுடுதண்ணீரும் பச்சைத்தண்ணீரும் போகக் குழாய் போட்டு, பேசின் பூட்டி, ஷவர் பூட்டினேன். பற்றவைப்பதை முதலில் தோட்டத்தில் வைத்து, சும்மா குழாய்த் துண்டுகளில் பழகியிருந்தேன். விரல் சுட்டது. நாவில் முருகன் பெயரும் வந்தது, வேறு சொற்களும் வந்தன. அவற்றை எழுதவில்லை.

கேஸ் போகும் பக்கத்தை நான் தொடவில்லை. அது சட்டமும்தான், புத்தியும்தான். அதற்குப் பதிவு பெற்ற ஒருவர் வேண்டும். ஜேர்மனியில் இருந்து வந்து இங்கே குடியேறிய ஒரு தம்பி கிடைத்தார். வந்தவர் வாசலில் நின்றபடியே, "ஆர் அக்கா பைப் பூட்டினது?" என்று கேட்டார்.

"நான்."

"பகிடி விடாதேங்கோ."

"பகிடி விட நேரமில்லைத் தம்பி. ஏறிப் பாருங்கோ."

பலகைக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார். "அக்கா, இது வடை சுடுற வேலை இல்லை."

"வடை சுட்டுப் பாக்காதவை அதைச் சுகமான வேலை எண்டுதான் நினைப்பினம்."

விரலால் ஒவ்வொரு இணைப்பாகத் தடவினார். "இது நல்ல ஜொயின்ட். இதுவும் நல்லம். இது என்ன, மூக்குச்சளி மாதிரி வடிஞ்சு கிடக்கு?"

"உள்ளை பிடிச்சிருக்கோ?"

"பிடிச்சிருக்கு."

"அப்ப மூக்கு வடியட்டும்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போகும்போது ஒன்று சொன்னார்: "எல்லாம் பூட்டி முடிய, பாய்லரைப் போடாமல் பச்சைத்தண்ணியை மட்டும் நிரப்புங்கோ. ஒவ்வொரு ஜொயின்டையும் காய்ஞ்ச டிஷ்யூவாலை ஒத்திப் பாருங்கோ. நனையேல்லை எண்டால் எனக்குப் போன் அடியுங்கோ, வந்து கொளுத்தித் தாறன். ஆனால் ஒண்டு, அவசரப்படாதேங்கோ."

நான் அவசரப்பட்டேன். எப்படி என்றால், எங்கள் ஆட்கள் மட்டுமே படக்கூடிய ஒரு விதமாக.

தண்ணீர் நிரப்புவதற்கு வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். தை வெள்ளி. மளிகைக்கடைக் கலண்டரில் பார்த்து, ராகுகாலம் தொடங்கு முன் நல்ல நேரத்தில் தண்ணீர் திறக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். சாமிக்கு விளக்கேற்றி, பழம் வைத்து, எல்லாம் ஆயத்தம். ஒரே ஒரு இணைப்புத்தான் பாக்கி. சாமித் தட்டுக்கு நேர் மேலே, பலகைக்குள். அந்த இடத்தில் பழைய மின்கம்பி ஓடியதால் தீ காட்டப் பயந்து, அதற்கு மட்டும் நட்டு முறுக்கிப் பூட்டும் பித்தளை இணைப்பை வைத்திருந்தேன். அதை இறுக்குவதற்கு இரண்டு ஸ்பனர் வேண்டும், ஒன்றால் பிடித்து மற்றதால் முறுக்க வேண்டும். விரலால் நட்டைச் சுற்றி வைத்துவிட்டு, மற்ற ஸ்பனரை எடுக்கக் குசினிக்கு வந்தேன். மணிக்கூடு கண்ணில் பட்டது. நல்ல நேரம் முடியப் போகிறது! ஸ்பனர் மறந்துபோனது. நட்டு மறந்துபோனது. பிள்ளையாரே என்று பாய்லருக்குக் கீழே இருந்த வால்வைத் திறந்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது. அண்ணை. காலைப் பூசைக்குப் போய்விட்டு, பிரசாதத்தோடு நேரே வந்திருந்தார். அவரைச் சாமியறைக்குக் கூட்டிக்கொண்டு வந்து, "பாருங்கோ அண்ணை, புது ரேடியேட்டர்" என்று பெருமையாகக் கையை நீட்டினேன்.

முதலில் ஒரு சொட்டு. முருகனின் நெற்றியில். பிறகு இரண்டு. பிறகு சீலிங்கில் ஒரு வட்டம் கறுத்து வந்து, அந்த வட்டத்தில் இருந்து தண்ணீர் கயிறு மாதிரி இறங்கியது. பிள்ளையாரின் மேல், அம்மனின் மேல், பழத்தட்டின் மேல். விளக்கு 'சுர்' என்று அணைந்தது.

"பாத்தீரோ!" அண்ணை கத்தினார். "நான் சொன்னனான்! சாமி வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டார்! நல்ல நாளும் அதுவுமா விளக்கை அணைச்சுப்போட்டார்! இனியும் அவனை இதுக்குள்ளை கொண்டுவரப் போறீரோ?"

நான் அதற்குள் ஓடிப்போய் வால்வை அடைத்துவிட்டேன், கீழ் வடிகுழாயையும் திறந்துவிட்டேன். ஒளிக்காமல் சொல்கிறேன், அந்தக் கணம் நானும் பயந்தேன். ஆனால் பயத்தை வெளியே விட்டால், இவர் போவது இல்லத்துக்குத்தான். அண்ணை அன்று பின்னேரமே ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிடுவார்.

"அண்ணை, கோயிலிலை சாமிக்குத் தண்ணி ஊத்தினால் அதுக்கு என்ன பேர்?"

"என்ன?"

"அபிஷேகம். சாமிக்கு அபிஷேகம் பிடிக்காது எண்டு ஆர் சொன்னது? அந்த வாளியை எடுங்கோ, தரை நனையுது."

மனிதர் பிரசாதத்தைக் கதிரையில் வைத்துவிட்டு வாளியை எடுத்தார். அதற்கு அவருக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். ஆனால் வாளியைப் பிடித்துக்கொண்டே வாய் ஓயவில்லை. "உமக்கு வாய் கூடிப்போச்சு பிள்ளை. சாமியிட்டை வாய் காட்டாதையும்."

படங்களை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். பிள்ளையாரை மடியில் வைத்துக்கொண்டு, மனதுக்குள் கேட்டேன்: நீ வேண்டாம் என்கிறாயா? என்றால் சொல்லு, நிற்பாட்டுகிறேன். மேலே ஏறிப் போய், பலகைக்குள் கையை விட்டு, அந்த நட்டைத் தொட்டேன். அது என் விரலோடு சுற்றியது. லொடலொடவென்று சுற்றியது.

அப்போது நான் அழுத அழுகை சந்தோஷ அழுகை. சாமி கோபிக்கவில்லை. நான் இறுக்கவில்லை.

மேலே இருந்தபடியே கத்தினேன்: "அண்ணை! நட்டு இறுக்கேல்லை! நான்தான் மறந்தனான்!"

"சும்மா சாட்டுச் சொல்லாதையும்!"

"வந்து தொட்டுப் பாருங்கோ!"

அவர் வந்து தொட்டுப் பார்க்கவில்லை. வாளியை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நான் இரண்டு ஸ்பனரையும் எடுத்துக்கொண்டு வந்து, ஒன்றால் பிடித்து ஒன்றால் முறுக்கினேன். மணிக்கூட்டைப் பார்த்தேன். ராகுகாலம் நடந்துகொண்டிருந்தது. நாளைக்குச் செய்யலாமா என்று ஒரு மனம். நாளை ஒத்திப் பார்த்து, மறுநாள் கேஸ் தம்பியை வரச் சொல்வதற்குள், அந்தப் பெண் வரும் நாளும் வந்துவிடும். ராகு பகவானிடம் மன்னிப்புக் கேட்டேன், ராகுகாலத்திலேயே தண்ணீரைத் திறந்தேன். பிறகு காய்ந்த டிஷ்யூவோடு முழந்தாளில் தவழ்ந்து ஒவ்வொரு இணைப்பாக ஒத்தினேன். ஒன்றும் நனையவில்லை. மூக்கு வடிந்த இணைப்பும் நனையவில்லை. கீழே வந்து விளக்கைத் துடைத்துப் புதுத் திரி போட்டு ஏற்றினேன்.

கேஸ் தம்பி வந்து எல்லாம் பரிசோதித்து, துரு பிடிக்காமல் இருக்க ஒரு மருந்தும் ஊற்றி, பாய்லரைப் போட்டார். ரேடியேட்டருக்குள் சலசல என்று சத்தம் வந்தது. சாவியால் காற்றை வெளியே விட்டார். நான் கையை வைத்துக்கொண்டு நின்றேன். மேல் ஓரம் மெல்லச் சூடானது, பிறகு நடு, பிறகு அடி. "கோணலாய்க் கிடக்கு அக்கா" என்றார். "ஆனால் வேலை செய்யுது."

ஆஸ்பத்திரிப் பெண் வந்தபோது கோட்டைக் கழற்றினார். நான் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். கோட்டைக் கழற்றி, கதிரையில் போட்டுவிட்டு, பின்னால் போய்ச் சுடுதண்ணீரில் கையைப் பிடித்துப் பார்த்தார். சாமித் தட்டையும் பார்த்தார். கட்டில் எங்கே வரும் என்று கேட்டார். தட்டுக்கு முன்னால் என்று காட்டினேன். நல்ல இடம் என்றார்.

இவர் வீட்டுக்கு வந்தார். சக்கர நாற்காலியில் உள்ளே கொண்டுவந்ததும் இடக்கையை நீட்டி ரேடியேட்டரைத் தொட்டார். சொல் ஒவ்வொன்றாகத்தான் வந்தது.

"இஞ்சேரும்… ஆர்… பூட்டினது?"

"நான்தானப்பா."

மூலையால் இறங்கிய குழாயைக் கண்ணால் மேலே வரை அளந்தார். "ஒழுகுமோ?"

"ஒருக்கா ஒழுகினது. இனி ஒழுகாது."

"கோணல்" என்றார். வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தார். பாரிசவாதம் வந்த பிறகு அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

இன்றைக்கும் அந்த அறையில்தான் இருக்கிறார். காலையில் நான் விளக்கேற்றும்போது படுத்தபடியே இடக்கையை நெஞ்சில் வைத்துக் கும்பிடுவார். கழுவித் துடைக்க வேண்டியதை அந்த அறையிலேயேதான் செய்கிறேன். சாமி பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்குக் குறை இல்லை. குறை சொன்ன மனிதர்களுக்கு நான் பதில் சொல்லப் போவதும் இல்லை.

ஆனால் கதை வெளியே போய்விட்டது. அண்ணை ஒருவருக்குச் சொல்ல, அவர் இன்னொருவருக்குச் சொல்ல, இரண்டு விதமாகக் கதை வளர்ந்தது. ஒன்று, எங்கள் வீட்டு முருகன் படத்தில் இருந்து தானாகத் தண்ணீர் ஊறியது, அற்புதம் என்று. ஒரு அம்மா சின்னப் போத்தலோடு வீட்டுக்கு வந்து தீர்த்தம் கேட்டார். ஐயோ அம்மா, அது ரேடியேட்டர் தண்ணி, இப்போது மருந்தும் கலந்திருக்கிறது, வாயில் வைத்துவிடாதீர்கள் என்று போத்தலை வெறுமையாகத் திருப்பிக் கொடுத்தேன். அவருக்கு என்னில் கோபம்.

மற்றக் கதைதான் பொல்லாதது. நோயாளியைச் சாமியறையில் வைக்கப் போனதால் சாமி கோபித்துக் கூரையைப் பிளந்து தண்ணீர் விட்டார் என்பது. போன மாதம் விம்பிள்டனில் இருந்து முன்பின் தெரியாத ஒரு பெண் போன் எடுத்தார். அவருடைய மனுசனும் ஆஸ்பத்திரியில். கீழே இருப்பது ஒரே ஒரு அறை, அதுவும் சாமியறை. "அக்கா, உங்கடை வீட்டிலை சாமி கோபிச்சது உண்மையோ? அப்ப நான் இவரை ஹோமுக்கே விடட்டோ?" என்று கேட்டு அழுதார்.

"விடாதையும்!" என்று கத்திவிட்டேன். "சாமி கோபிக்கேல்லை. நான் நட்டு இறுக்கேல்லை. கொண்டுவாரும் உம்மடை மனுசனை."

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். வாசிக்கிற நீங்கள் இதை யாருக்காவது சொல்வதென்றால், உள்ளபடியே சொல்லுங்கள். அற்புதத்தைச் சேர்க்க வேண்டாம், சாபத்தையும் சேர்க்க வேண்டாம். விளக்கு அணைந்தது என்பதை மறைக்க வேண்டாம், அது அணையத்தான் அணைந்தது. ராகுகாலத்தில் திறந்த தண்ணீர் இன்றுவரை ஒழுகவில்லை என்பதையும் விட்டுவிட வேண்டாம். படிப்பில்லாத ஒருத்தி எழுதியது என்று திருத்தி அழகாக்கவும் வேண்டாம். பிழையோடேயே போகட்டும். இதைக் கேட்டு எங்கோ ஒருத்தி தன் மனுசனைச் சாமியறைக்குள் துணிந்து கூட்டிக்கொண்டு வந்தால், எனக்கு அது போதும்.